மூணு பஸ் சேர்ந்து வர்ற மாதிரி... வெளிச்சமும் வருது!

சேக்காடு பஸ் ஸ்டாப்பில் சாயங்கால நேரம் நின்ன அனுபவம் இருக்கா? ஆவடி பக்கம் போற பஸ் அரை மணி நேரமா கண்ணிலேயே படாது. அப்புறம் வந்தா... மூணு பஸ் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். முதல் பஸ்ஸில் ஃபுட்போர்டு வரைக்கும் கூட்டம் பிதுங்கும். மூணாவது பஸ் காத்தாடிக்கிட்டு வரும். கொஞ்சம் தள்ளி, இந்து காலேஜ் ஸ்டேஷனில் மின்சார ரயில் அப்படி இல்லை. டைம் டேபிள் போட்டு, இடைவெளி விட்டு வரும். (சரி சரி, சிக்னல் மக்கர் பண்ணாத நாளைத்தான் சொல்றேன்!) மூணாவதா ஒண்ணு இருக்கு. மழை. பஸ் ஸ்டாப் கூரை மேல் துளி விழற சத்தத்தைக் கேளுங்க. கும்பலும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒரு மணி நேரத்துக்கு 'சராசரியா இத்தனை' என்று கணக்குப் போட்டால் மூணுக்கும் ஒரே நம்பரைக்கூடக் கொண்டுவந்துவிடலாம். ஆனா வர்ற விதம் வேற வேற.

வெளிச்சத்துக்கும் இந்த மூணு குணமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டையே நடந்திருக்கு. அந்தச் சண்டையின் முக்கியமான ரெண்டு ஆட்கள், ஒருத்தர் நீலகிரியில் பிறந்தவர், இன்னொருத்தர் தாம்பரத்தில் காலேஜ் படித்தவர்!

வெளிச்சம் என்பது ஃபோட்டான் என்ற சின்னச் சின்னப் பொட்டலங்களா வருகிற சமாச்சாரம் என்று பிளஸ் டூவில் படிச்சிருப்பீங்க. பிளாட்பாரக் கடையில் வாங்குற சிவப்பு லேசர் பாயின்ட்டர் 1 மில்லிவாட் என்று வையுங்க. அதிலிருந்து விநாடிக்குச் சுமார் 3,000 லட்சம் கோடி ஃபோட்டான் கொட்டுது. அத்தனையையும் எண்ண முடியாது. ஆனா வெளிச்சத்தை மங்கலாக்கி, ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் 'டிக்' என்று சத்தம் போடுற கருவி முன்னாடி விட்டால் எண்ணலாம். ரொம்ப ரொம்பச் சின்ன நேரத்துண்டு ஒவ்வொண்ணிலும் எத்தனை 'டிக்' என்று குறிச்சுக்கிட்டே வரணும். அவ்வளவுதான் வேலை.

இப்போ ஒரே நிறம், ஒரே பிரகாசம் உள்ள ரெண்டு வெளிச்சம். ஒண்ணு கேஸ் விளக்கு, இன்னொண்ணு லேசர். ரெண்டிலும் நேரத்துண்டுக்குச் சராசரி 10 ஃபோட்டான். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா எண்ணினால்? லேசரில் பெரும்பாலும் 7, 9, 12, 10 என்று பத்தைச் சுத்தியே வரும். ஒரு ஃபோட்டான்கூட வராத துண்டு 22,000 தடவைக்கு ஒரு தடவைதான். விளக்கில் கதையே வேற. 11 தடவைக்கு ஒரு தடவை பூஜ்யம்! அதே விளக்கில் 17 தடவைக்கு ஒரு தடவை 30 அல்லது அதுக்கும் மேல. லேசரில் 30-ஐத் தொடணும்னா சுமார் 40 லட்சம் தடவை காத்திருக்கணும். விளக்கு நம்ம பஸ் மாதிரி... வந்தா கும்பல், இல்லாட்டி காலி ரோடு.

ஏன் இப்படி? விளக்குக்குள்ள கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு ஓர் அலையை விடுது. கிரிக்கெட் மைதானத்தில் ஆயிரம் பேர் அவங்கவங்க தாளத்தில் கை தட்டினால், தற்செயலா சில கணம் எல்லாம் சேர்ந்து 'படார்'னு கேட்கும், சில கணம் அமுங்கிப்போகும் இல்லையா? அந்த மாதிரி அலைகள் சேர்ந்து ஒரு கணம் எகிறும், மறு கணம் படுத்துவிடும். எகிறும்போது ஃபோட்டான் கும்பலா வரும். ஆனா இந்த ஏத்த இறக்கம் நடக்கிறது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, சில சமயம் அதைவிடக் குறைவான நேரத்துக்குள்ள. சூரிய வெளிச்சத்தில் இன்னும் பல லட்சம் மடங்கு வேகம். அதனால்தான் டியூப் லைட்டோ எல்.இ.டி. பல்போ நம்ம கண்ணுக்கு அமைதியா எரியுது. சாதாரண மீட்டருக்கும் அந்தக் கும்பல் தட்டுப்படாது, எல்லாம் சராசரியில் கரைஞ்சுடும்.

அருவங்காடு பையன்

'காடு'ன்னு முடியற ஊர்க்காரங்களுக்கு ஒரு பெருமை சொல்றேன். இந்தக் கும்பலை முதன்முதலில் பிடிச்சவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். 1916 ஆகஸ்ட் 31 அன்று குன்னூர் பக்கத்து அருவங்காட்டில் பிறந்தார். அங்கே இருக்கிற கார்டைட் ஃபேக்டரியில் வெடிமருந்து தயாரிக்கிற பொறுப்பில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அவர் அப்பா. ஆவடியில் டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பசங்களுக்கு இந்தச் சூழல் புதுசே இல்லை.

இங்கிலாந்து போய்ப் படிச்சு, ரெண்டாம் உலகப் போர் சமயத்தில் ரேடார் வேலை பார்த்தார். போர் முடிஞ்சதும் ரேடியோ வானியலுக்கு வந்தார். அங்கே அவருக்கு ஒரு ஐடியா. நட்சத்திரத்தோட சைஸை அளக்கணும்னா ரெண்டு ஆன்டெனாவை வெச்சு, வர்ற அலையோட ஏத்த இறக்கம் ரெண்டிலும் ஒத்துப்போகுதா என்று மட்டும் பார்த்தால் போதும். கிட்டக் கிட்ட இருந்தால் ஒத்துப்போகும். ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைக்க, ஒத்துமை குறையும். எவ்வளவு தூரத்தில் குறையுது என்பதிலிருந்து சைஸைக் கணக்கு போட்டுடலாம். கணக்குப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டவர் ரிச்சர்ட் ட்விஸ்.

ரேடியோ அலையில் இது வேலை செஞ்சது. யாரும் எதுவும் சொல்லலை. 'வெளிச்சத்திலும் நடக்கும்'னு சொன்னப்பதான் பூகம்பம்!

1956-ல் ரெண்டு பேரும் லேபில் ஒரு பாதரச விளக்கை வெச்சு, அதோட நீலக் கோட்டை மட்டும் பிரிச்சு, பாதி ஊடுருவுற கண்ணாடியால் ரெண்டாக்கி, ரெண்டு ஃபோட்டோமல்டிப்ளையரில் விழ வெச்சாங்க. (பி.எஸ்சி. பிசிக்ஸ் பிராக்டிகலில் கிரேட்டிங் வெச்சு 4358 ஆங்ஸ்ட்ராம் கோட்டைத் தேடினவங்க கை தூக்குங்க... அதே கோடுதான்.) ரெண்டு கருவியோட சிக்னலும் சேர்ந்து சேர்ந்து ஏறி இறங்குச்சு.

எதிர்ப்பு எப்படி வந்துச்சு தெரியுமா? 'ஒரு ஃபோட்டான் இந்தக் கருவிக்குப் போகும், இல்லாட்டி அந்தக் கருவிக்குப் போகும். ரெண்டும் எப்படிப் பேசி வெச்ச மாதிரி நடக்கும்?' புடாபெஸ்டில் ஒரு குழு செஞ்சு பார்த்து, அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருந்துச்சு. கனடாவில் பிரானென், ஃபெர்குசன் என்ற ரெண்டு பேர் செஞ்சு பார்த்தாங்க. அவங்களுக்கும் கிடைக்கலை. 'இது உண்மைன்னா குவான்டம் மெக்கானிக்ஸோட அடிப்படையையே திருத்தணும்'கிற அளவுக்கு எழுதினாங்க.

அருவங்காட்டுக்காரர் அசரலை. ட்விஸ்ஸோட உட்கார்ந்து எதிர்த் தரப்பின் கருவிகளை வெச்சே கணக்கு போட்டார். விளக்கோட பிரகாசம் பத்தாது, நிறமும் சுத்தமா இல்லை. அந்தக் கருவியில் இந்தக் கும்பல் கண்ணுக்குத் தெரியணும்னா கனடாக்காரங்க 1,000 வருஷம் எண்ணிக்கிட்டே இருக்கணும். புடாபெஸ்ட்காரங்களுக்கு 10,000 கோடி வருஷம்! பிரபஞ்சத்தோட வயசே சுமார் 1,380 கோடி வருஷம்தான். எதிராளியைத் திட்டாம, அவர் லேப் நோட்டை வெச்சே மடக்கிய இப்படி ஒரு பதிலை நான் எங்கேயும் படிச்சதில்லை.

அதே சமயத்தில் ஹார்வர்டின் எட்வர்ட் பர்செல் ஒரு சின்னக் குறிப்பு எழுதி விவகாரத்தை முடிச்சார். குவான்டம் மெக்கானிக்ஸைத் திருத்த வேண்டாம். அதுவே இதைத்தான் சொல்லுது. ஃபோட்டான் ஒரு போஸான், கும்பல் சேர்றது அதோட பிறவிக் குணம்.

போஸான் என்ற பெயர் வந்தது நம்ம சத்யேந்திரநாத் போஸிடமிருந்து. 1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபடி ஐன்ஸ்டீனுக்கு அவர் அனுப்பின கட்டுரையோட சாரம் எளிமையானது. ரெண்டு பெட்டி, ரெண்டு காசு. காசுகளில் 'ராமு', 'சோமு' என்று பேர் எழுதியிருந்தால் போடும் வழிகள் 4. அதில் ரெண்டும் ஒரே பெட்டியில் விழறது 2 வழி. அதாவது பாதிக்குப் பாதி. பேரே எழுத முடியாத, அச்சு அசலா ஒரே மாதிரி காசுன்னா? வழிகள் 3 தான். அதில் சேர்ந்து இருக்கிறது 2. பாதி வாய்ப்பு மூணில் ரெண்டாயிடுச்சு! யாரும் தள்ளலை, யாரும் இழுக்கலை. அடையாளம் இல்லாததாலேயே கூட்டம் சேருது.

ஹான்பரி பிரவுனுக்கு இந்தத் தத்துவத்தைவிட நட்சத்திரம்தான் முக்கியம். ராணுவத்தின் பழைய சர்ச்லைட் கண்ணாடிகள் ரெண்டை வாங்கி, ஜோட்ரெல் பேங்கில் வெச்சு, சிரியஸ் நட்சத்திரத்தை அளந்தார். இங்கிலாந்தோட குளிர்கால மேகத்துக்கு நடுவில் மாசக்கணக்கா காத்திருந்து கிடைச்சது மொத்தம் 18 மணி நேர வானம்! அப்புறம் ஆஸ்திரேலியாவில் நராப்ரி என்ற ஊரில் 188 மீட்டர் விட்டமுள்ள வட்ட ரயில் பாதை போட்டு, 6.5 மீட்டர் அகல கண்ணாடிகள் ரெண்டை அதில் ஓட விட்டு, 32 நட்சத்திரங்களை அளந்து முடிச்சார். ஃபோட்டான் கும்பலா வர்றது நிஜமில்லைன்னா இதில் ஒரு நம்பர்கூடக் கிடைச்சிருக்காது.

தாம்பரம் டு ரோசெஸ்டர்

1960-ல் லேசர் பிறந்துச்சு. உடனே அடுத்த கேள்வி. லேசர் ஃபோட்டானும் கும்பலா வருமா? விளக்கைவிட எத்தனையோ மடங்கு பிரகாசம், ரொம்பச் சுத்தமான நிறம். அப்போ கும்பல் பயங்கரமா இருக்கணுமே என்று சிலர் நினைச்சாங்க. இன்னொரு தப்பான நினைப்பு இன்னிக்கும் நம்ம ஸ்டூடன்ட்ஸ்கிட்ட உண்டு. லேசர் 'ஒழுங்கான' வெளிச்சம், அதனால் ஃபோட்டான் மிலிட்டரி பரேடு மாதிரி சீரா வரும் என்று. ரெண்டும் கிடையாது. லேசரின் அலைதான் சீரானது, ஃபோட்டான் வர்றது மழை மாதிரி. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமில்லை.

இதைக் கணக்கா நிறுவினவர் ஹார்வர்டின் ராய் கிளாபர். 1963 பிப்ரவரியில் அவரோட முதல் கட்டுரை வந்துச்சு. ரெண்டே மாசத்தில், ஏப்ரலில், அதே பத்திரிகையில் இன்னொரு கட்டுரை. எழுதினவர் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த 31 வயசு இ.சி.ஜி. சுதர்சன்.

கோட்டயம் பக்கத்தில் பிறந்தவர். தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜில் 1951-ல் ஆனர்ஸ், அடுத்த வருஷம் மெட்ராஸ் பல்கலையில் எம்.ஏ. பின்னாளில், 1980-களில், தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் வந்தார்.

அந்த ஏப்ரல் கட்டுரையில் அவர் செஞ்சதை ஒரு சமையல் குறிப்பா நினைச்சுக்குங்க. எந்த வெளிச்சத்தை எடுத்தாலும், அதை 'லேசர் மாதிரி வெளிச்சங்களின் கலவை'யா எழுதிடலாம். இந்த அளவு லேசர் ஒரு கரண்டி, அந்த அளவு லேசர் அரைக் கரண்டி... விளக்கு வெளிச்சத்துக்கு இந்தக் குறிப்பு அழகா வருது. ஆனா சில வெளிச்சத்துக்கு எழுதினால், 'மைனஸ் ரெண்டு கரண்டி உப்பு போடவும்' என்று வருது! மைனஸ் கரண்டியை எந்த அலைக் கணக்காலும் விளக்க முடியாது. அந்த மாதிரி வெளிச்சம் ஃபோட்டான் இல்லாம சாத்தியமே இல்லை. வேடிக்கை என்னன்னா, சுதர்சன் தன் கட்டுரைக்கு வெச்ச தலைப்பு பழைய கணக்கும் குவான்டம் கணக்கும் சமம் என்ற அர்த்தத்தில் இருந்துச்சு. அவர் கொடுத்த அதே கருவிதான் பழைய கணக்கு எங்கே உடையுதுன்னு காட்டிக் கொடுக்க உதவுச்சு.

அதே வருஷம் அப்புறமா வந்த விரிவான கட்டுரையில் கிளாபரும் இந்தக் கலவையை எழுதி, அதுக்கு 'பி' என்று பேர் வெச்சார். இன்னிக்குப் பாடப் புத்தகங்களில் 'கிளாபர் - சுதர்சன் பி' என்று ரெண்டு பேரும் சேர்ந்தே இருக்காங்க. நோபல் மேடையில் இல்லை. 2005 இயற்பியல் நோபலில் பாதி கிளாபருக்கு. மீதிப் பாதி ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் என்ற ரெண்டு லேசர் நிபுணர்களுக்கு. சுதர்சன் நோபல் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். பல இயற்பியலாளர்களும் எழுதினாங்க. ஒண்ணும் நடக்கலை. 2018 மே மாசம் டெக்சாஸில் காலமானார்.

இதில் என் கருத்தைச் சொல்லிடறேன். கிளாபருக்குக் கொடுத்தது தப்பில்லை. ஃபோட்டான் கும்பலை எப்படி எண்ணணும் என்ற பாதையை முதலில் போட்டவர் அவர்தான். சுதர்சனை விட்டதுதான் தப்பு. ஒரு பரிசை மூணு பேருக்கு மேல கொடுக்க மாட்டோம் என்பது நோபல் விதி. அந்த வருஷம் மூணு நாற்காலியும் நிரம்பியிருந்துச்சு. வேற வேலைக்குக் கொடுத்த பாதியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருந்தால் பிரச்னையே இல்லை. இத்தனைக்கும் 1957-லேயே அணுக்கருவோட வலுக்குறைந்த விசைக்கு மார்ஷாக்கோட சேர்ந்து வடிவம் கொடுத்து, அந்தப் புகழும் ஃபெயின்மன், கெல்-மான் பக்கம் சாய்ந்ததைப் பார்த்தவர் அவர். ரெண்டு தடவை!

கணக்கை எண்ணிச் சரிபார்த்தது இத்தாலியின் அரெக்கி, 1965-ல். லேசரை நேரா எண்ணினார், மழை. அதே லேசரைச் சுழல்கிற ஒரு சொரசொரப்புக் கண்ணாடி வழியா விட்டு எண்ணினார், பஸ் கும்பல்! லேசர் பாயின்ட்டரை டிரேசிங் பேப்பர் வழியா இருட்டு ரூம் சுவரில் அடிச்சுப் பாருங்க. (யார் கண்ணிலும் அடிக்காதீங்க, ப்ளீஸ்.) புள்ளி புள்ளியா மினுங்கும். பேப்பரை நகர்த்தினால் புள்ளிகள் ஓடும். ஓர் இடத்தில் வெளிச்சம், மறு கணம் அதே இடம் இருட்டு. விளக்குக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கிறது, ஸ்லோமோஷனில்.

டீ மாஸ்டரும் ஒரே கிளாஸும்

பஸ் ஆச்சு, மழை ஆச்சு. ரயில் எங்கே?

ஒரு டீக்கடை. மாஸ்டர் ஒருத்தர், கையில் ஒரே ஒரு கிளாஸ். ஒரு டீ கொடுத்தால், கிளாஸ் திரும்பி வந்து, கழுவி, மறுபடி ஊத்தினாத்தான் அடுத்த டீ. ஒரே நேரத்தில் ரெண்டு டீ வரவே வராது. ஒரு தனி அணுவும் அப்படித்தான். ஒரு ஃபோட்டானை விட்டதும் காலி. மறுபடி ஆற்றலை வாங்கி ஏறணும், அப்புறம்தான் அடுத்தது.

1977-ல் இதைக் காட்டினவங்க கிம்பிள், டாகெனாய்ஸ், மாண்டல். இடம் அதே ரோசெஸ்டர். அவங்க எடுத்துக்கிட்டது சோடியம் அணு. எல்.இ.டி. வர்றதுக்கு முன்னாடி நெடுஞ்சாலை எல்லாம் மஞ்சளா எரிஞ்சதே, அதே சோடியம். நியூட்டன்ஸ் ரிங்ஸ் பிராக்டிகலில் கண்ணு வலிக்கப் பார்த்தோமே, அதே சோடியம். விளக்குக்குள்ள கோடி அணுவா இருந்தால் கும்பல் சேர்க்கிற அந்தச் சரக்கு, ஒவ்வொரு அணுவாப் பிரிச்சு லேசரால் தூண்டினால், ரெண்டு ஃபோட்டானை ஒரே நேரத்தில் விட மறுக்குது. ஒரு ஃபோட்டான் வந்த உடனே அடுத்தது வர்ற வாய்ப்பை, விளக்குக்கு 2, லேசருக்கு 1 என்று அளப்பாங்க. தனி அணுவுக்கு அது பூஜ்யம். சுதர்சனின் குறிப்பில் மைனஸ் கரண்டி கேட்கிற வெளிச்சங்களில் இது ஒண்ணு.

இதுக்கு மார்க்கெட் இருக்கா என்று கேட்பீங்க. இருக்கு. ரகசியச் சாவியை ஒரு ஃபோட்டானுக்கு ஒரு எழுத்து என்று அனுப்பினால், நடுவில் திருடுறவன் அந்த ஃபோட்டானைத் தொட்டே ஆகணும், தொட்டால் தடயம் விழும். பென்னட், பிரசார்ட் ரெண்டு பேரும் 1984-ல் சொன்ன வழி. 2023-ல் 6,003 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவான்டம் திட்டத்தில், குவான்டம் தகவல்தொடர்புக்கான மையம் நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸில்தான்.

சிக்கல் எங்கே என்றால், ஒத்தை ஃபோட்டான் மட்டும் விடுகிற 'டீ மாஸ்டர்' கருவி இன்னும் விலை அதிகம், அதைப் பராமரிக்கிறதும் கஷ்டம். அதனால் பெரும்பாலும் சாதாரண லேசரை மங்கலாக்கித்தான் ஓட்டறாங்க. சராசரி 0.1 என்று வெச்சு 1,000 துடிப்பு அனுப்பினால், மழைக் கணக்குப்படி சுமார் 905 காலி, 90-ல் ஒரு ஃபோட்டான், 5-ல் ரெண்டோ அதுக்கு மேலேயோ. அந்த 5 தான் ஓட்டை. திருடன் அதில் ஒண்ணை உருவிக்கிட்டு மீதியை அனுப்பிடலாம், தடயமே இருக்காது. ஒத்தையா வர்றதை எல்லாம் வழியிலேயே தடுத்துட்டால் சாவி முழுக்க அவன் கையில்.

2003 வாக்கில் இதுக்கு ஒரு வைத்தியம் கண்டுபிடிச்சாங்க. அனுப்புறவர் வெவ்வேறு மங்கலில் துடிப்புகளைக் கலந்து கட்டி விடுவார். எது எந்த மங்கல் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். திருடன் ஒத்தையைத் தடுத்து இரட்டையை விட்டால், ரொம்ப மங்கலான துடிப்புகளில் போய்ச் சேர்ற எண்ணிக்கை மட்டும் அளவுக்கு மீறிக் குறையும். பிரகாசமான துடிப்புகளில் அந்த அளவுக்குக் குறையாது. சாயங்காலம் ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. மழைக் கணக்கோட ஒத்துப்போகலைன்னா, அன்னிக்கு அனுப்பின சாவி குப்பைக்கு.